தொடாமல் வைத்த காப்பி

அவசரப்பட்டு வாக்குக் கொடுக்கிற ஆள் இல்லை நாயிஃப். பலஸ்தீனக் கிராமமான தெய்ர் ஹம்ராவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இவனிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, போய் ஆட்டுக்கெல்லாம் தண்ணீர் காட்டிவிட்டு வந்தால்தான் பதில் கிடைக்கும் என்று அவருடைய பெரியப்பா தியாப் ஹாஜியார் கேலி செய்வார். அப்படிப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவசரப்பட்டார். அதுவும் பெற்ற மகன் விஷயத்தில்.

மறுநாள் காலை அவர் ஜோர்தான் பாலத்தைத் தாண்டி, அம்மானில் விமானம் ஏறி, ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். பெட்டி கட்டியாகிவிட்டது. அங்கே சில வழக்கறிஞர்கள் அவருடைய மகன் சமீஹின் சாவை ஒரு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தார்கள். போன குளிர்காலத்தில், மேட்டில் இருந்த யூதக் குடியேற்றத்து ஆட்கள் வெட்டிப்போட்ட தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன சமீஹை அங்கே நின்ற சிப்பாய்கள் சுட்டுவிட்டார்கள். கத்தியோடு பாய்ந்தான் என்றார்கள். அங்கே நின்ற மூன்று சிப்பாய்களும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை அத்தோடு முடிந்தது.

"பேர் தெரியாத சிப்பாய் மேல வழக்குப் போட்டா அது நிக்காது. ஒரே ஒரு பேர் வேணும்" என்று வழக்கறிஞர்கள் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஒரு பெயர் நாயிஃபிடம் இருந்தது. சிப்பாய்கள் மூவரும் முகத்தை மூடியிருந்தார்கள். ஆனால் வெடிச்சத்தம் கேட்டு நாயிஃப் மேட்டைப் பார்த்து ஓடியபோது அதில் ஒருவன் அரபியில் கத்தினான்: "மாமா, கிட்ட வராதீங்க! வராதீங்க மாமா!" அந்தக் குரல் அவருக்குத் தெரியும். அது இத்தாமாரின் குரல். அவருடைய கூட்டாளி ப்ரோஸ்பரின் மகன்.

கூட்டாளி என்றால் சும்மா இல்லை. ப்ரோஸ்பர் மொராக்கோவில் பிறந்த யூதர். எல்லைக்கு அந்தப் பக்கம் பீர்ஷெபா அருகில் ஒரு சின்ன ஊரில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழில் செய்தார். சுவர் அவர் எழுப்புவார், தரைக்கு ஓடு நாயிஃப் பதிப்பார். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள். இத்தாமார் பள்ளி விடுமுறையில் வேலை நடக்கும் இடத்துக்கு வந்து, நாயிஃபின் மனைவி ரஸ்மிய்யா கட்டிக் கொடுத்த திராட்சை இலைச் சோற்றை அப்பாவுக்கு மிச்சம் வைக்காமல் தின்பான். அவனுக்கு அரபி வந்ததே நாயிஃபிடமிருந்துதான். முதலில் கெட்ட வார்த்தை, அப்புறம் நல்ல வார்த்தை.

ஒரு தடவை பேருந்தில் குண்டு வெடித்து ப்ரோஸ்பரின் தம்பி செத்தார். வைத்தது நாயிஃபின் ஊருக்குப் பக்கத்து நகரமான கலீலைச் சேர்ந்த பையன். நாயிஃப் போகலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, சோதனைச் சாவடிகளில் காய்ந்து, துக்க வீட்டுக்குப் போனார். கண்ணாடிகளைத் துணியால் மூடி, தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒரு ஆள் எழுந்து வெளியே போனார். ப்ரோஸ்பரின் தாயார்தான் தன் மொராக்கோ அரபியில் "இங்க வாப்பா" என்று கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, துக்கத்துக்கென்று வேகவைத்த முட்டை ஒன்றை அவர் கையில் வைத்தார். அந்த முட்டையை முழுங்க முடியாமல் முழுங்கினார் நாயிஃப்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த அக்டோபரில் எல்லாம் நாசமாகப் போயிற்று. காஸா எல்லையோர ஊர்களில் நடந்த கொலையில் ப்ரோஸ்பரின் தங்கை மகள் போய்விட்டாள். நாயிஃப் உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. போனை யாராவது ஒட்டுக் கேட்பார்களோ, என்ன சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று வழக்கம்போல யோசித்தார். இவர் கூப்பிடுவதற்குள் ப்ரோஸ்பரே கூப்பிட்டார். "உங்க ஊர்ல இனிப்புக் குடுத்தாங்களாமே?" என்று ஒரே கேள்வி. "காஸாவுல பிள்ளைங்க சாகுறது உன் டிவியில வருதா?" என்று இவரும் ஒரே கேள்வி. அத்தோடு பேச்சு நின்றது. எல்லை தாண்டி வேலைக்குப் போகும் அனுமதி அட்டையும் செத்துப்போனதால், பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. சமீஹ் செத்தபோது ப்ரோஸ்பர் வரவில்லை. வராததுதான் நாயிஃபுக்கு நெஞ்சில் ஆறாமல் கிடந்தது. இத்தாமார் அங்கே இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் முகம் காட்டவில்லை என்று எண்ணிக்கொண்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வழியனுப்ப வந்தவர்களால் முன்னறை நிறைந்திருந்தது. பேச்சு எங்கே சுற்றினாலும் ஐரோப்பாவில்தான் வந்து நின்றது. இன்னும் சில பெரிய நாடுகள் பலஸ்தீனத்தைத் தனி நாடாக ஒப்புக்கொள்ளப் போவதாகச் செய்தி.

"ஏற்கெனவே நூத்துச் சொச்சம் நாடு ஒத்துக்கிட்டாச்சு" என்றார் தியாப் ஹாஜியார். "உலகம் பூரா நமக்கு நாடு இருக்கு. இங்க மட்டும்தான் இல்ல."

ஒருவன் சொன்னான்: "இருந்தாலும் அது ஒரு மரியாதைதானே ஹாஜியார்."

"மரியாதை! நம்ம தண்ணித் தொட்டி யாரு குடுத்தது? ஐரோப்பா. கொடி வரைஞ்சு, பேர் எழுதி, போட்டோ புடிச்சுக் குடுத்தாங்க. அதை இடிச்ச இயந்திரம் எங்கேருந்து வந்தது? அமெரிக்கா. குடுக்குறவனும் வெள்ளைக்காரன், இடிக்கக் குடுக்குறவனும் வெள்ளைக்காரன். நடுவுல தாகம் மட்டும் நம்மளோடது."

"அரபு ராஜாக்களை விட்டுட்டீங்களே?"

"அவனுங்க பேரீச்சம்பழம் அனுப்புறானுங்கடா. ரமலானுக்கு ரமலான். நன்றி கெட்டவனே."

எல்லோரும் சிரித்தார்கள். நாயிஃபும் சிரித்தார். அந்தச் சமயத்தில்தான் வாசலில் யூதர் வண்டிகளுக்கான மஞ்சள் நம்பர் போட்ட வேன் வந்து நின்றது. சிரிப்பு அப்படியே அடங்கியது.

இறங்கியவர் ப்ரோஸ்பர். முகம் மழிக்காமல், சட்டை கசங்கி, காலில் ரப்பர் செருப்பு. எப்போதும் தோல் பூட்ஸ் போட்டுத் தடதடவென்று நடக்கிற ஆள், இப்படி ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி நின்றார். உள்ளே வந்தார். சலாம் சொல்லவில்லை. ஷாலோமும் சொல்லவில்லை. நாயிஃபை ஒரு தடவை பார்த்துவிட்டு, காலி மெத்தை அத்தனை இருக்க, கதவோரம் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"மரியாதைக்கு ஒரு சலாம்கூட இல்லையா?" என்று ஒருவன் முணுமுணுத்தான்.

"வாய் வருமாடா அவனுக்கு? எந்த மூஞ்சியோட சொல்லுவான்?" என்றார் ஹாஜியார்.

வீட்டுக்கு வந்தவனுக்குக் காப்பி கொடுக்காமல் இருக்க முடியாது. எதிரியே ஆனாலும் முடியாது. நாயிஃப் எழுந்து, கரியடுப்பில் இருந்த பித்தளைக் கூஜாவிலிருந்து சர்க்கரையில்லாத காப்பியைக் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் ஊற்றி நீட்டினார். ப்ரோஸ்பர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, வாய்க்குக் கொண்டுபோகாமல், தன் முன்னால் தரையில் வைத்தார்.

அறையில் எல்லாருடைய கண்ணும் அந்தக் கோப்பையில் விழுந்தது.

அந்தப் பக்கத்தில் இதற்கு ஒரே பொருள்தான். பெண் கேட்டு வருகிறவனும், கொலைப்பழிக்கு மன்னிப்புக் கேட்டு வருகிறவனும் இப்படித்தான் செய்வார்கள். கோப்பையைத் தொடாமல் கீழே வைத்துவிடுவார்கள். கேட்க வந்தது கிடைத்தால்தான் குடிப்பேன் என்று அர்த்தம். குடிக்காமல் அந்தக் காப்பி ஆறி, வந்தவன் எழுந்து போனால், வீட்டுக்காரனுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. நாயிஃபின் அப்பா காலத்திலும் சரி, தாத்தா காலத்திலும் சரி, அந்த முன்னறையில் ஒரு கோப்பையும் ஆறியதில்லை.

"ஓகோ" என்றார் ஹாஜியார் தணிந்த குரலில். "நம்ம வழக்கத்தை நல்லாத்தான் படிச்சு வச்சிருக்கான். மகன் பேரைச் சொல்லாதேன்னு கேக்க வந்திருக்கான்டா நாயிஃப்."

நாயிஃபுக்கும் அப்படித்தான் பட்டது. வேறு எதற்கு வருவான்? நாளைக்குப் போகிற செய்தி எப்படியோ எட்டியிருக்கிறது. தலையில் ரத்தம் ஏறியது. என் பிள்ளை செத்தபோது வராதவன், உன் பிள்ளைக்காக மட்டும் ஓடி வந்தாயா என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் அவர் பார்வை ப்ரோஸ்பரின் உதட்டில் விழுந்தது. காய்ந்து வெடித்திருந்தது. அந்த உதடு அவரை என்னவோ செய்தது. ப்ரோஸ்பரின் தாயார் கையில் வைத்த முட்டை நினைவுக்கு வந்தது. தம்பி செத்த வீட்டில் அந்த அம்மாள் எத்தனை பெரிய மனது பண்ணினாள்!

எல்லாம் உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு யூதன், அந்தச் சிப்பாயின் அப்பன், தன் வீட்டுத் தரையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். இந்த ஒரு கணத்தில் தான் அவனைவிட, அவன் ராணுவத்தைவிட, எல்லாரையும்விடப் பெரிய மனிதனாகிவிடலாம் என்று நாயிஃபுக்குத் தோன்றியது. எட்டு மாதமாகக் கையில் ஒன்றுமில்லாமல் நின்ற மனிதர். கொடுக்கக்கூடியது ஒன்று கையில் வந்ததும் கொடுத்துவிடத் துடித்தார். அந்த ஆசையைத்தான் பிறகு அவரால் மன்னிக்கவே முடியவில்லை.

"அபூ இத்தாமார்" என்று மகன் பெயரைச் சேர்த்து உரக்கக் கூப்பிட்டார். "நீ எதுக்கு வந்தியோ அது உனக்குக் கிடைச்சாச்சு. நாளைக்கு நான் போகல. உன் மகன் பேர் என் வாயிலேருந்து வராது. என் வீட்டுலேருந்து அவனுக்கு ஒரு கெடுதலும் வராது. இத்தனை பேர் சாட்சி. காப்பியைக் குடி."

ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ "அல்லாஹ் அக்பர்" என்றார்கள்.

ப்ரோஸ்பர் தலை நிமிர்ந்தார். புரியாமல் விழித்தார். "என்ன சொல்ற? நாயிஃப், நான் வந்தது..." என்று தொடங்கினார்.

"அதான் குடுத்துட்டானேப்பா!" என்று ஹாஜியார் அதட்டினார். "பெத்த பிள்ளையோட ரத்தத்தை விட்டுக் குடுத்திருக்கான். இன்னும் என்ன பேச்சு? குடி. அவன் வீட்டு மானத்தைக் காப்பாத்து."

ப்ரோஸ்பர் கோப்பையைப் பார்த்தார். நாயிஃபைப் பார்த்தார். அவர் வாய் ஒரு தடவை திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. இந்தக் காப்பிக்கு ஏன் இத்தனை நேரம் என்று நாயிஃபுக்கு விளங்கவில்லை. நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி ப்ரோஸ்பரின் தாடியில் சொட்டியது. கடைசியில் அவர் கோப்பையை எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிறவன் மாதிரி ஒரே மடக்கில் குடித்தார். குடித்துவிட்டு, பெரிய மனிதர் ஒருவர் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை, அப்படி அழுதார்.

வாசல் வரைக்கும் நாயிஃப் கூடப் போனார். ப்ரோஸ்பர் அவர் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சிடு. நான் கோழை. மன்னிச்சிடு" என்றார். மகன் செய்ததற்காகக் கேட்கிறார் என்று நாயிஃப் எடுத்துக்கொண்டார். தோளைத் தட்டிக் கொடுத்தார். வேன் திரும்பிப் போயிற்று.

உள்ளே எல்லோரும் அவரைக் கட்டிப் பிடித்தார்கள். ஹாஜியார் நெற்றியில் முத்தமிட்டார். அடுப்படியில் ரஸ்மிய்யா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள். கணவன் வந்து நின்றதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"ரஸ்மிய்யா, வந்து வாசல்ல உக்காந்துட்டான். காப்பியை வச்சுட்டான். நான் என்ன பண்ண?"

"ஆற விட்டிருக்கணும்."

"ஊர்ல தலை காட்ட முடியுமா?"

"இப்ப காட்டுங்க. நல்லாக் காட்டுங்க. எல்லாரும் முத்தம் குடுத்தாங்களே! என் பிள்ளை கத்தியோட பாஞ்சவனாவே மண்ணுக்குள்ள கிடக்கட்டும். உங்களுக்கு ஊர்ல நல்ல பேர் வந்தாச்சு" என்றாள். கத்தியை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் ரஸ்மிய்யாவின் தம்பி காஸி வந்தான். பெரிய சாலையோரம் அத்திப்பழம் விற்கிறவன். அந்த வழியில் போகிற யூதர்களும் வண்டியை நிறுத்தி வாங்குவார்கள். அன்றைக்கு இரண்டு கூடையும் அப்படியே திரும்பியிருந்தது.

"ஒரு பய நிறுத்தல மச்சான்" என்று கூடையை இறக்கினான். "நானும் மறந்துட்டேன். அவங்களுக்கு இன்னைக்கு நோன்பு. ஆவ் மாசம் ஒன்பதாம் நாள். அவங்க பழைய கோயில் இடிஞ்ச நாள். நேத்து பொழுது சாஞ்ச மக்ரிபிலேருந்து இன்னைக்கு இருட்டுற வரைக்கும் பச்சைத் தண்ணி தொட மாட்டாங்க."

நாயிஃப் அவனையே பார்த்தார்.

"என்ன அப்படிப் பாக்குறீங்க? உங்களுக்குத் தெரியாததா? துக்க நாள். தோல் செருப்புப் போட மாட்டாங்க, தரையில உக்காருவாங்க. ஒருத்தனுக்கொருத்தன் முகமன் சொல்லிக்கக்கூட மாட்டாங்களே."

தெரியும். நாயிஃபுக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் அந்த நாளில் ப்ரோஸ்பர் வேலைக்கு வர மாட்டார். "உனக்கு ஒரு மாசம் நோன்பு, எனக்கு ஒரு நாள். ஆனா என் கடவுள் தண்ணியில சிக்கனம் பாக்க ஆகஸ்ட் மாசத்தைப் பிடிச்சு வச்சிருக்கான்" என்று முன்தினமே சிரித்துவிட்டுப் போவார். ஏதாவது ஒரு நாள் யூதர்கள் வேலைக்கு வராவிட்டால் நாயிஃபே எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடுவார், இன்னது பண்டிகை, இன்னது துக்கம் என்று. இரண்டு வருஷம் அந்தப் பக்கம் போகாததில் அவர்களுடைய நாட்கணக்கு கையைவிட்டுப் போய்விட்டது.

ப்ரோஸ்பர் எதையும் கேட்டு வரவில்லை. நோன்பு என்பதால் கோப்பையைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். அப்படியென்றால் எதற்கு வந்தார்? துக்க நாளில், வெறும் வயிற்றோடு, சாவடி சாவடியாகத் தாண்டி எதைச் சொல்ல வந்தார்? கடைசியில் ஏன் குடித்தார்?

பதில் பொழுது சாயும்போது போனில் வந்தது.

"நாயிஃப் மாமா?" அதே குரல். மேட்டில் கத்திய குரல். "இத்தாமார் பேசுறேன். வச்சிடாதீங்க மாமா. அப்பா உங்ககிட்ட வந்தாரா?"

"வந்தாரு."

"சொன்னாரா?"

"என்ன சொல்லணும்?"

"நேத்து ராத்திரி எங்க ஜெபக்கூடத்துல ஒப்பாரி வாசிச்சிட்டு வந்தப்ப அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் மாமா. நான் சுடல. ஆனா அவன் கத்தியோட பாஞ்சான்னு எழுதிக் குடுத்தேன். மத்த ரெண்டு பேர் எழுதினதைப் பார்த்து நானும் எழுதிக் குடுத்தேன். அது தூங்க விடல. எங்க வேணும்னாலும் வந்து மாத்திச் சொல்றேன். என் பேரை நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன்னு உங்ககிட்ட சொல்லச் சொல்லி அப்பாவை அனுப்பினேன். நானே வர்றேன்னேன். சிப்பாயா இருந்தவன் அந்த ஊருக்குள்ள போகக் கூடாது, நான் போறேன்னு அவர்தான் கிளம்பினாரு."

நாயிஃப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இப்ப வந்து, மாமா எல்லாத்தையும் விட்டுட்டாரு, நீ வாயை மூடுங்கிறாரு. ஜெயிலுக்குப் போவே, ஊர்ல துரோகின்னு துப்புவாங்க, உங்க அம்மா தாங்க மாட்டாங்கிறாரு. நான் சொல்ல வந்ததைக் கேட்டுட்டுத்தான் விட்டீங்களா மாமா? கேட்டுட்டுத்தானே விட்டீங்க?"

இப்போது எல்லாம் விளங்கிற்று. மகனைக் கொடுக்க வந்த மனிதரிடம், கேட்காமலே மகனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் நாயிஃப். ப்ரோஸ்பர் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாய் திறந்தார். பிறகு, தன் கடவுளின் நோன்பை முறித்துக்கொண்டு, தன் பிள்ளைக்காக அந்தக் காப்பியை விழுங்கினார். நாயிஃபுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தால் ஒரு கூஜாவையே குடித்திருப்பேன் என்று தோன்றியது. அதனால் இன்னும் அதிகமாக வலித்தது.

"மாமா?"

"வாக்குக் குடுத்துட்டேம்பா" என்றார் நாயிஃப். தன் குரலே அவருக்குப் பிடிக்கவில்லை. "ஊர் முன்னால குடுத்துட்டேன். என் வீட்டுலேருந்து உனக்குக் கெடுதல் வராதுன்னு. நீ பேசினா உனக்குக் கெடுதல்தான். நான் அதுக்குத் துணை போக முடியாது. போனை வை."

"நானே கேக்குறேன் மாமா. நானே கேட்டாலும் முடியாதா?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுப்படிக் கதவு திறந்தது. ரஸ்மிய்யா வந்து அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். வேண்டாம் என்று நாயிஃப் கையை நீட்டினார். அவள் விலகிக்கொண்டாள்.

"இத்தாமார், நான் ரஸ்மிய்யா. சமீஹோட அம்மா."

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இவர் வீடுன்னு சொன்ன வீட்டுல நானும் இருக்கேன். என்னை யாரும் கேக்கல. எனக்கு யாரும் காப்பி ஊத்தல, நான் யாருக்கும் வாக்குக் குடுக்கல. ஐரோப்பாவுக்குப் போற காகிதம் இவர் பேர்லதான் இருக்கு, என்னால ஒரு சாவடியைக்கூடத் தாண்ட முடியாது. நீ எங்க சொன்னாலும் சொல்லாட்டியும் அது அப்புறம். முதல்ல எனக்குச் சொல்லு. பெத்தவளுக்குச் சொல்லு."

வெகுநேரம் அவன் அழுகிற சத்தம்தான் வந்தது. ரஸ்மிய்யா அவனை அதட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, நாயிஃபின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"மாமி" என்றான் பையன். "அவன் கையில..."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எட்டு மாதமாகத் தொழுகைக்குத் தொழுகை அல்லாவிடம் மன்றாடியவர் நாயிஃப். கேட்டுவிட்டால் நாளைக் காலை போகாமல் இருக்க முடியாது. போனால் கொடுத்த வாக்குப் போயிற்று. அவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். ரஸ்மிய்யா ஒரு கையால் அவர் கையைப் பற்றி இழுத்தாள். இழுக்க முடியவில்லை. அவள் போனை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

"அவன் கையில ஒண்ணுமே இல்ல மாமி. வெறுங்கைதான். கையைத் தூக்கிக் காட்டிட்டுத்தான் நின்னான்."

பொத்திய காதிலும் அது கேட்டது.